வக்கீல் மேல் புகார்: சத்துவாச்சாரியா, சென்னையா?

"பீஸ் வாங்கிட்டு வக்கீல் கேஸே போடலை. சங்கத்துல சொன்னா அவர் கோட்டைக் கழட்டிடுவாங்களா?" வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்குக் கட்சிக்காரராகப் போய் வருகிறவர்கள் இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். சுருக்கமான பதில்: கழட்ட மாட்டார்கள். அந்த அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது. அதற்காகச் சங்கத்திடம் போவதே வீண் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். சில காரியங்கள் அங்கேதான் சீக்கிரம் நடக்கும். எது எங்கே நடக்கும் என்று தெரியாமல் ஆறு மாதம் அலைந்துவிட்டு, அப்புறம் "எல்லாரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு" என்று சலித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

முதலில் இரண்டு அமைப்புகளைப் பிரித்துக்கொள்வோம். ஒன்று உள்ளூர் வழக்கறிஞர் சங்கம், அதாவது பார் அசோசியேஷன். இன்னொன்று தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். ஆட்டோ ஸ்டாண்டை நினைத்துப் பாருங்கள். எந்த வண்டி முதலில் சவாரி எடுக்க வேண்டும் என்று ஸ்டாண்ட் சங்கம் சொல்லும். தகராறு வந்தால் பேசி முடிக்கும். சொல்பேச்சு கேட்காதவரை ஸ்டாண்டில் நிறுத்தவிடாது. ஆனால் டிரைவரின் லைசென்ஸ் ஆர்டிஓ கொடுத்தது, அதை ரத்து செய்ய ஸ்டாண்ட் தலைவரால் ஆகாது. இங்கே வக்கீல் சங்கம்தான் ஸ்டாண்ட், பார் கவுன்சில்தான் ஆர்டிஓ.

சங்கம் என்பது வக்கீல்கள் தாங்களாகச் சேர்ந்து பதிவு செய்துகொண்ட அமைப்பு. தலைவர், செயலாளர், பொருளாளர், நூலகர் என்று தேர்தல் நடத்துவார்கள். அந்தச் சமயத்தில் கோர்ட் வளாகம் முழுக்க போஸ்டரும் நோட்டீஸும்தான். வக்கீல்கள் உட்காரும் அறை, சட்டப் புத்தகங்கள், இறந்துபோன உறுப்பினருக்கு இரங்கல் கூட்டம், நலநிதி விண்ணப்பத்துக்குக் கையெழுத்து, கோர்ட்டில் குடிநீரோ கழிப்பறையோ சரியில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் மனு என்று அன்றாட வேலைகள் அதற்கு நிறைய. வேலூரில் மட்டுமல்ல, குடியாத்தம், வாலாஜா, ஆம்பூர், அரக்கோணம் என்று கோர்ட் இருக்கும் ஊரில் எல்லாம் வக்கீல்கள் இப்படிக் கூடியிருப்பார்கள். ஒரே கோர்ட்டில் இரண்டு மூன்று சங்கங்கள் இருப்பதும் உண்டு. அதனால் "சங்கத் தலைவர்" என்று யாராவது சொன்னால், எந்தச் சங்கம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பார் கவுன்சில் அப்படியில்லை. அது 1961-ஆம் வருடத்து வழக்கறிஞர்கள் சட்டம் உண்டாக்கிய சட்டபூர்வ அமைப்பு. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. மாநிலம் முழுக்க உள்ள வக்கீல்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் 25 உறுப்பினர்கள், பதவிவழியாக அரசின் தலைமை வழக்கறிஞர். சட்டப் படிப்பு முடித்தவர் இங்கே பெயரைப் பதிவு செய்தால்தான் வக்கீல். பொதுப் பிரிவினருக்குச் சட்டம் சொல்லும் பதிவுக் கட்டணம் மாநில கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய், மொத்தம் 750. பல மாநிலங்களில் வேறு வேறு தலைப்பு போட்டு ஆயிரக்கணக்கில் வசூலித்துக்கொண்டிருந்ததை, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூடாது என்று நிறுத்தியது. காட்பாடி அரசு சட்டக் கல்லூரியில் படித்து முடிக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை.

பதிவு ஆனதும் ஒரு எண் கிடைக்கும், வருடத்தோடு சேர்த்து. அந்த எண்தான் ஒரு வக்கீலின் அடையாளம். வக்காலத்தில், அதாவது அவரை வக்கீலாக வைத்து நீங்கள் கையெழுத்துப் போடும் தாளில், அவர் பெயருக்குக் கீழே இருக்கும். யார் மேல் புகார் எழுதினாலும் முதலில் தேவைப்படுவது அதுதான், எனவே கையெழுத்துப் போடுமுன் வக்காலத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாரும் தடுக்கமாட்டார்கள், தடுத்தால் அதுவே யோசிக்க வேண்டிய விஷயம்.

மாவட்டம் பிரிந்ததில் வரும் சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பழைய வட ஆர்க்காடு 1989-ல் இரண்டானது. மிச்சமிருந்த வேலூர் 2019-ல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்றானது. கோர்ட்டுகள் எந்த மாவட்டத்தின் கீழ் போனாலும், சங்கங்கள் எத்தனையாகப் பிரிந்தாலும், இவர்கள் அத்தனை பேருக்கும் பார் கவுன்சில் ஒன்றுதான்.

சங்கத்தால் ஆகக்கூடியது

சட்டப்படி பார்த்தால் சங்கத்தின் தண்டனை தன் உறுப்பினர் பட்டியலோடு நின்றுவிடும். விளக்கம் கேட்கலாம், கண்டிக்கலாம், துணைவிதிப்படி நீக்கலாம். நீக்கப்பட்டவர் மறுநாளும் கோட்டைப் போட்டுக்கொண்டு வாதாட வரலாம். 2015-ல் இந்திய பார் கவுன்சில் போட்ட விதிகள், ஒவ்வொரு வக்கீலும் தான் வழக்கமாகத் தொழில் செய்யும் இடத்துச் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்கின்றன. அதனால் சங்கத்துக்குக் கொஞ்சம் கனம் கூடியது உண்மை. ஆனாலும் சன்னத்து, அதாவது வக்கீலாகத் தொழில் செய்யும் உரிமம், சங்கத்தின் கையில் இல்லை.

எழுதப்படாத அதிகாரம் வேறு. ஒரே வளாகத்தில் தினமும் முகம் பார்க்கும் ஆட்கள். ஒருவர் மேல் பேச்சு எழுந்தால் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரியும். குடியாத்தம் பக்கத்து விவசாயி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பாகப்பிரிவினை வழக்குக்காக வக்கீலிடம் மூலப் பத்திரத்தைக் கொடுத்தார். இப்போது வக்கீல் போன் எடுப்பதில்லை. இந்த விவசாயிக்கு வேண்டியது வக்கீலின் சன்னத்து அல்ல, தன் பத்திரம். சங்கத்துச் செயலாளரையோ, வளாகத்தில் மதிப்புள்ள ஒரு சீனியரையோ பார்த்து, "ஐயா, பத்திரத்தை வாங்கிக் கொடுத்தால் போதும்" என்றால், பெரும்பாலும் அவர் ஜூனியரை அனுப்பிக் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடுவார். இதே வேலைக்குப் பார் கவுன்சிலுக்கு மனு எழுதினால் மாதக்கணக்கு ஆகும். வழக்குப் பேப்பர் கட்டு திரும்ப வர வேண்டும், வாங்கிய பணத்தில் மிச்சம் வர வேண்டும், வேறு வக்கீல் வைக்கச் சம்மதம் வேண்டும் என்ற அளவிலான தகராறுகளுக்குச் சங்கம்தான் கிட்டத்து வழி.

இதில் ஒரு கோளாறும் உண்டு, மறைப்பதற்கில்லை. அந்த மத்தியஸ்தம் அந்த நபரின் மனசைப் பொறுத்தது. புகாருக்கு உள்ளானவர் அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடப் போகிறவர். கட்சிக்காரருக்கு அங்கே ஓட்டு இல்லை. எனவே வாய்ப்பேச்சாக விட்டுவிடாமல், தேதி போட்ட ஒரு கடிதமாகக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் சென்னைக்குப் போக நேர்ந்தால் அது உதவும். விஷயம் பெரிது என்று பட்டால் சங்கமே பார் கவுன்சிலுக்கு எழுதவும் முடியும். புகார் வந்தால் மட்டுமல்ல, வேறு வழியில் தகவல் தெரிந்தாலும் கவுன்சில் நடவடிக்கையில் இறங்கலாம் என்று சட்டத்தின் 35-ஆவது பிரிவு சொல்கிறது.

எது தவறு, எது தவறில்லை

கேஸ் தோற்றுப்போனது தவறில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தீர்ப்பு வந்த கோபத்தில் எழுதப்படும் புகார்களுக்குக் குறைவில்லை. வாதத்தில் ஒரு பாயிண்டை விட்டுவிட்டார் என்பதும் பொதுவாகத் தொழில் ஒழுக்கக்கேடு ஆகாது. பணம் வாங்கிக்கொண்டு வழக்கே போடாமல் இருப்பது, போட்டதாகச் சொல்லி வாய்தா தேதி கொடுத்து ஏமாற்றுவது, கட்சிக்காரருக்கு வந்த தொகையை வைத்துக்கொள்வது, எதிராளியோடு கைகோத்துக்கொள்வது, இவையெல்லாம் ஒழுக்கக்கேடு.

இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை இந்தப் பகுதியை ஊடறுத்துப் போகிறது. விபத்து வழக்குகளுக்குப் பஞ்சமில்லை. "நஷ்டஈடு வந்தா இத்தனை பர்சன்ட் எனக்கு, இப்போ ஒண்ணும் தர வேண்டாம்" என்ற பேச்சு சர்வசாதாரணமாகிவிட்டது. கையில் காசில்லாத குடும்பத்துக்கு அது உபகாரம் மாதிரியே தெரியும். ஆனால் வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதும் விதிப்படி கூடாது. காசில்லாதவர்களுக்கென்று கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் அங்கே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து கையெழுத்து கேட்கும் புரோக்கர்கள் வக்கீல்களே அல்ல. அவர்கள் மேல் பார் கவுன்சில் கை வைக்க முடியாது. அவர்களுக்காக வழக்கறிஞர்கள் சட்டத்தில் தனிப் பிரிவு சேர்த்து, அது 2024 செப்டம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. மாவட்ட நீதிபதியும் கலெக்டரும் கூட இந்தப் புரோக்கர்களின் பட்டியலை வெளியிடலாம். அப்படிப் பட்டியலில் ஏறியும் தொழிலைத் தொடர்ந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது, சரி. வெள்ளைக்காரன் காலத்து 1879 சட்டத்தில், ஒருவர் புரோக்கர் என்று வக்கீல் சங்கம் கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டால் அதையே ஊரில் அவருக்கு அப்படித்தான் பெயர் என்பதற்கான ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். யார் எப்படிப்பட்டவர் என்பது சங்கத்துக்குத் தெரியும் என்று அன்றைக்கே சட்டம் நம்பியிருக்கிறது.

இன்னொன்று, கட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது. "பாக்கி பீஸ் கொடுத்தால்தான் பேப்பரைத் தருவேன்" என்று சொல்ல வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பாக்கி இருந்தால் அதற்குத் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்கட்டும். கட்டு உங்களுடையது.

சென்னையில் நடப்பது

பார் கவுன்சிலுக்குப் புகாரைத் தமிழிலேயே எழுதலாம். இங்கிலீஷ் தெரியாதே என்று தயங்க வேண்டாம். இந்திய பார் கவுன்சில் விதிகளே மாநில மொழியை அனுமதிக்கின்றன. மனு வடிவில் எழுதி, கையெழுத்திட்டு, கோர்ட் மனுவில் போடுவது போல "மேலே கண்டவை உண்மை" என்ற சரிபார்ப்பும் சேர்த்து, அதற்குரிய கட்டணத்தோடு கொடுக்க வேண்டும். பணம் கொடுத்த ரசீது, வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் பேச்சு, வக்காலத்து நகல் எல்லாம் இணைக்கலாம். கிட்டத்தட்ட கிரிமினல் வழக்கைப் போல உறுதியான ஆதாரம் எதிர்பார்ப்பார்கள். ரசீதே இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்த பணத்தை நிரூபிப்பது கஷ்டம். அடுத்த முறையாவது பணத்தை ஜிபேயில் போடுங்கள்.

புகாரில் முகாந்திரம் இருக்கிறது என்று கவுன்சில் நினைத்தால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். குழுவில் மூன்று பேர். இருவர் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் வெளியிலிருந்து சேர்க்கப்படும் அனுபவமுள்ள வக்கீல். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு. மூன்று பேருமே வக்கீல்கள் என்பதை வைத்து வெளியார் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது; பொதுஜனம் ஒருவரையாவது சேர்க்கலாம் என்பதுதான் என் எண்ணமும். விசாரணைக்குக் காட்பாடியில் ரயிலேறி சுமார் 130 கிலோமீட்டர் போய் வர வேண்டும் என்பது இன்னொரு சங்கடம். புகாரை ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் அது டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும்.

தண்டனைகள் மூன்று: கண்டனம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யத் தடை, ஒரேயடியாகப் பெயர் நீக்கம். அதிருப்தி உள்ளவர் 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கும், அதன் பிறகு 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு செய்யலாம். நடுவில் வக்கீல் வந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்து, "புகாரை வாபஸ் வாங்கிடுங்க" என்று சமாதானம் பேசுவது வழக்கம். நீங்கள் சரி என்றாலும், அந்த ஒரே காரணத்துக்காக விசாரணையைக் கைவிடக் கூடாது என்று விதி இருக்கிறது. சங்கத்தில் சமாதானமானால் விஷயம் அதோடு முடிந்துவிடும். கவுன்சிலில் அப்படி முடியாது, ஏனென்றால் அங்கே விசாரிப்பது உங்கள் பணத்தை அல்ல, அவர் வக்கீலாக இருக்கத் தகுதியானவரா என்பதை.

இது எப்படி நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்து வழக்கு ஒன்று உண்டு. காது கேளாத ஒரு முதியவரும் அவர் மனைவியும் 15,000, 5,000 ரூபாய்க்கான இரண்டு புரோநோட்டுகளை ஒரு வக்கீலிடம் கொடுத்து வழக்குப் போடச் சொன்னார்கள். செலவுக்குப் பணமும் கொடுத்தார்கள். வழக்கு நடக்கிறது என்று சொல்லப்பட்டது, போடப்படவே இல்லை. மாநில பார் கவுன்சில் ஆறு வருடம் தடை விதித்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருடமாகக் குறைத்தது. 1978-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர், குற்றத்தை உறுதி செய்துவிட்டு, தண்டனையின் ஒரு பகுதியை ஏழைகளுக்கான இலவச சட்ட உதவிப் பணியாக மாற்றினார். ஏமாற்றப்பட்டவர்களுக்கு ஆறு வருடம் ஒரு வருடமானது கசந்திருக்கும். ஆனாலும் அந்த முதியவர்களின் புகார் மூன்று படிகளிலும் நின்றது.

நீதிபதிகளே நேரடியாகத் தடுத்தால் என்ன என்று கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்றம் 2016-ல் அதைத்தான் முயன்றது. நீதிபதி பெயரைச் சொல்லிப் பணம் வாங்குவது, கோர்ட்டுக்குள் ஊர்வலம் போவது போன்றவற்றுக்கு நீதிமன்றமே வக்கீல்களைத் தடை செய்யலாம் என்று விதி போட்டது. மாநிலம் முழுக்க வக்கீல்கள் போராடினார்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. ஒழுங்கு நடவடிக்கை பார் கவுன்சிலின் வேலை என்பதுதான் காரணம்.

சங்கம் செய்யக் கூடாதவை

கோர்ட்டுக்குப் போனால் நோட்டீஸ் போர்டில் "நீதிமன்றப் பணி புறக்கணிப்பு" என்று ஒட்டியிருக்கும், உங்கள் கேஸ் இன்னொரு வாய்தாவுக்குப் போய்விடும். இது சங்கத்தின் தீர்மானம். வக்கீல்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரிதிலும் அரிதான சமயத்தில், அதுவும் முன்கூட்டி மாவட்ட நீதிபதி போன்றவரிடம் கலந்து பேசிய பிறகு, ஒரு நாளுக்கு மேல் போகாத அடையாளப் போராட்டத்தை மட்டும் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. புறக்கணிப்புக்குக் கட்டுப்படாமல் ஆஜராகும் வக்கீலைச் சங்கம் நீக்குவேன் என்று மிரட்டக்கூடக் கூடாது என்றும் அதே தீர்ப்பில் உண்டு. நடைமுறையில் எந்த வக்கீல் அதை நம்பித் தனியாக உள்ளே போவார் என்பது வேறு கதை. மத்தியானம் அதே ஆட்களோடுதான் டீ குடிக்க வேண்டும்.

அதேபோல, "இந்த ஆளுக்கு எங்கள் சங்கத்தில் யாரும் ஆஜராக மாட்டோம்" என்று தீர்மானம் போடுவதும் செல்லாது. கோயம்புத்தூரில் வக்கீல்களுக்கும் போலீசுக்கும் நடந்த மோதலுக்குப் பிறகு, குற்றம்சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்கு யாரும் வாதாடக் கூடாது என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட தீர்மானங்கள் எந்த ஊரில் போட்டாலும் செல்லாதவை என்று அறிவித்தது. ஊரே வெறுக்கும் குற்றவாளி என்று சொல்லப்படுகிறவருக்கும் வக்கீல் கிடைக்க வேண்டும்.

இரண்டு தவறான கதவுகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வக்கீல் சேவை சரியில்லை என்று நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. அடுத்தது, கையெழுத்தைப் போலியாகப் போட்டுப் பணத்தை எடுத்துவிட்டார் என்பது மாதிரி விஷயம் என்றால் அது குற்றம். சங்கத்தின் சம்மதத்துக்கோ கவுன்சிலின் தீர்ப்புக்கோ காத்திராமல் போலீசில் புகார் கொடுக்கலாம். பார் கவுன்சில் விசாரணை ஒரு பக்கம் தனியாக நடக்கும்.

நிறையப் பேருக்குக் கடைசியில் தேவைப்படுவது தண்டனை அல்ல, வேறு வக்கீல். பழைய வக்கீலின் சம்மதத்தோடு புதியவர் வக்காலத்துப் போடுவதுதான் முறை. அவர் கையெழுத்துப் போட மறுத்தால், காரணத்தைச் சொல்லி வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே அனுமதி கேட்டு மனு போடலாம். புதிய வக்கீல் அதைச் செய்து கொடுப்பார். அதற்கு முன் அடுத்த வாய்தா எப்போது என்று தெரிந்துகொள்ளுங்கள். வழக்கு எண்ணோ உங்கள் பெயரோ இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் செல்போனிலேயே பார்க்கலாம். உங்கள் பெயரில் எந்த வழக்குமே அதில் வரவில்லை என்றால் வக்கீல் சொன்ன வழக்கு எண்ணோடு கோர்ட் அலுவலகத்தில் ஒருமுறை விசாரியுங்கள். அங்கேயும் இல்லை என்றால், சென்னைக்கு எழுத வேண்டிய மனுவுக்கு முதல் பாரா கிடைத்துவிட்டது.